எமல்ஷனில் டிஎச்ஏ இருக்கு, ஆர்ட்டீமியாவில் காணோமே?

கழிமுகம்:
கொடுவா மீன் லார்வாவுக்கு (பொரிச்ச இளங்குஞ்சு) கிரேட் சால்ட் லேக் ஏரியின் ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சின்ன ஓட்டுடலி) கொடுக்கிறோம். கொடுக்கும் முன்னாடி அதுக்கு 28 டிகிரியில், லிட்டருக்கு 0.6 கிராம் டிஎச்ஏ (ஒமேகா-3 கொழுப்பு அமிலம்) எமல்ஷன் (தண்ணியில் கலக்கும் எண்ணெய்), 24 மணி நேரம் ஊட்டுறோம். லேப் ரிப்போர்ட்டில் எமல்ஷனில் இபிஏவைவிட (இன்னொரு ஒமேகா-3) டிஎச்ஏ இரண்டு மடங்கு. நாப்ளியில் (ஆர்ட்டீமியா குஞ்சு) அப்படியே தலைகீழ். அதே எமல்ஷன் குடித்த ரோட்டிஃபரில் (லார்வாவுக்குக் கொடுக்கும் இன்னொரு நுண்ணிய உயிர்) இந்தப் பிரச்சினை இல்லை. கிரேடிங் (அளவு வாரியா பிரிக்கிறது) பண்ணும்போது மீன் குஞ்சு அதிர்ச்சியில் சாகுது. டோஸைக் கூட்டலாமா?

நாப்ளி:
கூட்டாதீங்க. ஆர்ட்டீமியா 22 கார்பன் டிஎச்ஏவில் இரண்டு கார்பனை வெட்டி இபிஏவாக மாத்திடும். ரோட்டிஃபர் கொடுத்ததைப் பெரும்பாலும் அப்படியே வச்சிருக்கும். அதனால்தான் ஒரே எமல்ஷனுக்கு இரண்டு ரிப்போர்ட்.

எமல்ஷனை எப்போ ஊத்துறீங்க? பொரிச்சதும் நாப்ளிக்கு வாய் திறந்திருக்காது. சுமார் 8 மணி நேரம் கழித்து இரண்டாம் பருவத்துக்கு வந்தபிறகுதான் தின்னும். அதுக்கு முன்னாடி ஊத்தினது விப்ரியோ பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. 0.6 கிராமையும் ஒரே தடவை போடாம 0.3 இப்போ, 12 மணி நேரம் கழிச்சு 0.3. மில்லிக்கு 200–300 நாப்ளி போதும். எண்ணெய் இருக்கிற தண்ணியில் ஆக்சிஜன் சட்டுனு இறங்கும், 4 பிபிஎம்முக்குக் கீழே விடாதீங்க.

உவர்நீர்:
மேலே சொன்னது சரி, ஆனா பெரிய ஓட்டை அறுவடைக்குப் பிறகுதான். காலையில் வடிச்ச நாப்ளி மாலை வரை 28 டிகிரி வாளியிலேயே பட்டினியா கிடந்தா, அந்த நேரம் முழுக்க டிஎச்ஏவைக் கரைச்சுக்கிட்டே இருக்கும். 10 டிகிரிக்குக் கீழே, மெல்லிய ஏரேஷனோடு வைங்க. கொஞ்சம் கொஞ்சமா, பல வேளையா போடுங்க. தொட்டியில் மிஞ்சி மறுநாளும் நீந்துற ஆர்ட்டீமியா வெறும் கூடுதான்.

சாம்பிளை வலையில் நல்லா கழுவி, கடைசி ஃபீடுக்கு முன்னாடி எடுங்க. கழுவாம அனுப்பினா உடம்பில் ஒட்டின எண்ணெயும் கணக்கில் ஏறி ரிப்போர்ட் அழகா வரும்.

கழிமுகம்:
மாலை ஃபீடு வாளியில் எடுத்த சாம்பிள்தான் அது. குளிர்ல வச்ச நாப்ளி தொட்டியில் போட்டதும் அடியில் விழாதா?

உவர்நீர்:
கொஞ்ச நேரம் அசையாம இருக்கும், சூடு ஏறினதும் நீந்தும். ஏர் ஸ்டோனுக்கு மேலே ஊத்துங்க.

கோபிபாட்:
முடிஞ்சா கோபிபாடும் (இன்னொரு நுண்ணிய ஓட்டுடலி) கலந்து கொடுங்க. அதில் டிஎச்ஏ பெரும்பாலும் பாஸ்ஃபோலிப்பிட் என்ற கொழுப்பு வகையில் இருக்கும், லார்வாவுக்குச் சுலபமா செரிக்கும். எமல்ஷன் எண்ணெய் ஆர்ட்டீமியாவில் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடாத்தான் தங்கும். திறந்த எமல்ஷன் பாட்டிலில் பழைய பெயின்ட் வாடை வந்தா கீழே கொட்டிடுங்க.