மரணத்துக்காகக் காத்திருக்கும் அச்சத்தை விதித்தவர் யார்? நாகேந்திரன் வழக்கை முன்வைத்து

கேள்வி:
ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம், தொடையில் கட்டியிருந்த 42.72 கிராம் ஹெராயினுடன் 2009-இல் சிங்கப்பூரில் பிடிபட்டார். பதினைந்து கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை என்ற சட்டத்தின்படி 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். இடைப்பட்ட ஆண்டுகளெல்லாம் சாவை நினைத்து நடுங்கியபடி ஒருவரைச் சிறையில் வைத்திருப்பதைச் சட்டம் எங்கேனும் கணக்கில் கொள்கிறதா?

மறுமொழி 1:
இந்தியாவில் ஓரளவு கொள்கிறது. 2014 ஜனவரி 21 அன்று, சத்ருகன் சௌகான் வழக்கில், கருணை மனுவின் மீது காரணமின்றி நீண்ட காலம் முடிவெடுக்காமல் இருப்பது கைதியைச் சித்திரவதை செய்வதற்குச் சமம் என்று கருதிய உச்ச நீதிமன்றம், 15 பேரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அடுத்த மாதமே பேரறிவாளன் உள்ளிட்ட மூவரும் அதே அடிப்படையில் தூக்கிலிருந்து தப்பினர்.

மறுமொழி 2:
தாமதத்தை மட்டும் பேசினால் நாகேந்திரனுக்கு இழைக்கப்பட்டது விளங்காது, ஐயா. 2012-இல் திருத்தப்பட்ட சிங்கப்பூர்ச் சட்டப்படி, பொருளைச் சுமந்து சென்றவர் மட்டுமே என நிறுவப்படுபவர், கடத்தல் கும்பலைப் பிடிக்க உதவியதாக அரசுத் தரப்பு சான்றளித்தாலோ, மனநலக் குறைபாட்டால் அவரது பொறுப்புணர்வு பெரிதும் குன்றியிருந்தாலோதான் உயிர் பிழைக்க வழியுண்டு. கும்பலின் கடைக்கோடியில் இருப்பவனுக்குச் சொல்வதற்கு என்ன தெரிந்திருக்கும்? அதிகம் அறிந்தவன் பிழைக்கிறான். ஒன்றும் அறியாதவன் சாகிறான். நாகேந்திரனின் அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தும், தாம் செய்தது இன்னதென்று அவர் அறிந்தே செய்தார் எனக் கூறி நீதிமன்றங்கள் இரண்டாவது வழியையும் அடைத்துவிட்டன. இதை நீதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி 3:
2021 அக்டோபரில் அவருடைய தாயாருக்குச் சிறைத்துறையின் கடிதம் வந்தது. நவம்பர் 10 தூக்குக்குரிய நாள். முந்தைய நாள் நாகேந்திரனுக்குக் கொரோனா தொற்று இருப்பது தெரியவந்ததால் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. சாவை ஒருமுறை அவ்வளவு நெருக்கத்தில் கண்டு மீண்டவர் அதே அச்சத்தை மறுபடியும் முதலிலிருந்து அனுபவிக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 26 அன்று தாயாரின் கடைசி மனுவும் தள்ளுபடியானபோது, கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியே குடும்பத்தாரின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டு அவர் அழுததாகச் செய்தியாளர்கள் பதிவு செய்தார்கள். செய்வதை அறிந்து செய்தார் என்று வாதிட்டவர்கள், வரப்போவதையும் அவர் அறிந்திருந்தார் என்பதை எண்ணிப் பார்த்தார்களா?

கேள்வி கேட்டவர்:
நன்றி. மலேசியா 2023-இல் கட்டாய மரண தண்டனையை ஒழித்து, தண்டனையைத் தீர்மானிக்கும் உரிமையை நீதிபதிக்கே அளித்திருக்கிறது. சிங்கப்பூரிலோ, மனநலக் குறைபாடு நிறுவப்படாத ஒருவரைக் காப்பாற்ற நீதிபதியே விரும்பினாலும், அரசுத் தரப்பின் சான்றிதழ் இல்லாமல் அவரால் இயலாது.