புதுப்பிப்பு: ஸ்டோர் நிறைய போல்ட், இன்னும் வாங்கச் சொன்ன மென்பொருள்

வியாசர்பாடியில் எங்கள் பட்டறைக்கு வாங்கிய பொருள் தேவைத் திட்டமிடல் மென்பொருள், போல்ட் குவிந்து கிடக்கும்போதே இன்னும் வாங்கச் சொல்கிறது, விட்டுவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

ஆர்டர் 50 ஃபிளேஞ்ச் இணைப்பு (குழாய்களைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் விளிம்புத் தட்டு). ஒன்றுக்கு 8 போல்ட், ஆக 400. ஸ்டோரில் இருந்தது நூறு நூறாக 12 பெட்டி. மென்பொருளின் இருப்புக் கணக்கில் ஏறியிருந்ததோ வெறும் '12'. மென்பொருள் அதைக் கழித்து 388 வாங்கச் சொன்னது. அதன் கணக்கில் தப்பே இல்லை.

"பெட்டியா வந்தா பெட்டினுதானே தம்பி எழுதுவேன்?" என்றார் ஸ்டோர் அண்ணன். நியாயம்தான். அலகு மாற்றத்தை நாங்கள்தான் அமைத்துத் தரவில்லை. இப்போது ஒரு பெட்டி 100 என்று போட்டாகிவிட்டது.

இந்த மென்பொருள் கணக்கிடும் முறை 1960-களில் ஜோசப் ஆர்லிக்கி என்பவர் வகுத்தது. போல்ட் தேவையை ஊகிக்க வேண்டாம், ஆர்டரிலிருந்தே கணக்கிடலாம் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

அப்புறம், கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) போய் வர 3 நாள் என்று மென்பொருளில் இருந்ததை 9 ஆக்கினேன். உண்மையில் அவ்வளவு ஆகிறது. சனிக்கிழமை கேஸ்கட் ஷீட்டை (இணைப்பில் கசிவைத் தடுக்க வைப்பது) எண்ணப்போகிறோம். அதிலும் இதே அலகுச் சிக்கல் வரலாம்: அதைக் கிலோவில் வாங்கி, எண்ணிக்கையில் வெட்டுகிறோம்.