நுவரெலியா மலையில் பீல்ட் டார்கெட் போட்டி: கொழும்பில் போட்ட தூர அட்டவணை அங்கே செல்லுமா?

மேல்கொத்மலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடக்கப்போற பீல்ட் டார்கெட் போட்டிக்கு (தகட்டு இலக்கில இருக்கிற வட்ட ஓட்டைக்குள்ள காற்றுத் துவக்கால பெலட் அடிச்சு விழுத்துறது; கயிற்றை இழுத்தா இலக்கு மறுபடி நிமிரும்) பேர் குடுத்திருக்கேன். ஊர் தலவாக்கலை, ஆனா வேலை கொழும்பில், பயிற்சியும் அங்கதான். துவக்கு ரெகுலேட்டர் (அழுத்தத்தை ஒரே அளவா வச்சிருக்கிற பாகம்) உள்ள பி.சி.பி. (சிலிண்டரில முன்கூட்டியே எயார் நிரப்புற வகை), .177 அங்குலக் குழல். பெலட் ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட் 8.44 கிரெய்ன், தலை 4.52 மி.மீ. வேகம் நொடிக்கு 238 மீற்றர். ஸ்கோப் 10 முதல் 50 மடங்கு, முன் கண்ணாடி 60 மி.மீ., பக்கத்தில் பெரிய சைட் வீல் (போக்கஸ் திருப்புற சக்கரம்). கிளிக் 1/8 எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் 60இல் ஒரு பங்குதான் ஒரு எம்.ஓ.ஏ.). ஸீரோ (குறியும் பெலட் அடிக்கிற இடமும் ஒன்றாகிற தூரம்) 35 மீற்றரில்.

8 முதல் 50 மீற்றர் வரை 5 மீற்றருக்கு ஒரு தரம் சுட்டு, எந்தத் தூரத்துக்கு எத்தனை கிளிக்னு அட்டவணை போட்டிருக்கேன். எல்லாம் சமதரையில, 30 பாகை வெயில்ல போட்டது. இது மலையில அப்படியே செல்லுமா? காலைக் குளிர்ல ஸ்கோப் காட்டுற தூரம் மாறும்னு சொல்றாங்களே, அது எவ்வளவு? சரிவுல மேலயும் கீழயும் இருக்கிற இலக்குக்கு எப்படிக் கணக்குப் போடுறது? தெரிஞ்ச அண்ணன்மார் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

சைட்வீல் எழுதியது:

தம்பி, அட்டவணையைத் தூக்கிப்போட வேண்டாம். அதை அப்படியே நம்பி லேன்ல (சுடுற இடத்தில) உட்காரவும் வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்க குளிரையும் கணக்கில சேர்த்தாலும் காற்று கொழும்பை விட சுமார் 15 சதவீதம் மெல்லியது. பெலட்டைப் பிடிச்சு இழுக்கிற காற்று குறைஞ்சா அது சீக்கிரம் போய்ச் சேரும், விழுறதும் குறையும். உங்க வேகத்துக்கு 50 மீற்றரில் 1 செ.மீ.க்குக் கிட்ட உயரமா அடிக்கும். 35 மீற்றர் ஸீரோவை அங்க வச்சே திருத்திட்டா அதில் பாதி போயிடும், மிச்சம் அரை செ.மீ. அளவு நிக்கும். உங்க கிளிக் ஒன்று 50 மீற்றரில் 1.8 மி.மீ., ஆகவே இரண்டு மூன்று கிளிக் வேலை. 40 மி.மீ. வட்டத்தில இது பெரிய விஷயமில்லைன்னு தோணும். காற்றுப் பிழையும் தூரப் பிழையும் சேர்ந்து வரும்போது அந்த அரை செ.மீ.தான் இலக்கை விழாம நிறுத்தும்.

அதனால முதல் நாளே போய் பயிற்சி லைன்ல 35ஐச் சரி பண்ணுங்க. பிறகு 50, 45, 40 மூன்றையும் காகிதத்தில ஐந்தைந்து பெலட் சுட்டுப் பாருங்க. 20க்குக் கீழ மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா அந்தப் பக்கம் உங்க அட்டவணைக்கு வேற குறை இருக்கு: 5 மீற்றர் இடைவெளி போதாது. ஸ்கோப் குழலுக்கு 5 செ.மீ. மேல இருக்கிறதால 8 மீற்றரில் பெலட் குறிக்கு 1.5 செ.மீ.க்கு மேல தாழ அடிக்கும், 12 மீற்றரில் அரை செ.மீ.க்குள்ள வந்துடும். 15 மி.மீ. வட்டம் வைக்கிறது இந்தத் தூரத்திலதான். 8 முதல் 15 வரை ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு வரி எழுதுங்க.

வேகத்தையும் அங்கயே குரோனோகிராப்பில் (பெலட் வேகத்தை அளக்கிற கருவி) பாருங்க. உலக விதிப்படி எல்லை 16.3 ஜூல், உங்க பெலட்டுக்கு அது நொடிக்கு 244 மீற்றர். 238ல இருந்தா 15.5 ஜூல், பயமில்லை. குளிர்ல சில ரெகுலேட்டர் நகரும், அதைத்தான் பார்க்கணும். (ஸ்பிரிங் துவக்கு வச்சிருக்கிறவங்களுக்கு: சிலிண்டருக்குள்ள போற காற்றே மெல்லியது, மலையில வேகம் கட்டாயம் குறையும். அவங்க அட்டவணையை முழுசா புதுசா போடணும்.)

இப்ப ஸ்கோப். என் கணிப்பில இந்தப் போட்டியில புள்ளி போறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். லேசர் தூரமானி கூடாது, போக்கஸ் தெளிவாகிற இடத்தில வீல் காட்டுற எண்தான் தூரம். குழலும் கண்ணாடியும் குளிர்ல சுருங்கும்போது அந்த எண் நகரும். 10 பாகை குறைஞ்சா 50 மீற்றர் இலக்கை 47ன்னும் 46ன்னும் காட்டுற ஸ்கோப் இருக்கு. எதிர்ப்பக்கம் போறதும் இருக்கு. 50ஐ 47ன்னு எடுத்து டயல் பண்ணினா பெலட் 2 செ.மீ. கீழ போகும். வட்டத்தின் பாதி அளவே 2 செ.மீ.தானே.

உங்க ஸ்கோப் எந்தப் பக்கம் போகுதுன்னு சுட்டுப் பார்க்கத் தேவையே இல்லை. அளவு நாடா வச்சு 20, 35, 50ல மூன்று குறி நட்டு, விடிகாலை, காலை 9 மணி, மத்தியானம் என்று மூன்று தடவை வீலைத் திருப்பி எண்ணை எழுதுங்க. ஸ்கோப் குழல்ல ஒட்டுற வெப்பமானிப் பட்டி ஒன்று ஒட்டிக்கிட்டா, போட்டியன்று 12 பாகைன்னா எந்த வரிசை, 20 பாகைன்னா எந்த வரிசைன்னு பார்த்து எடுக்கலாம். இன்னும் மூன்று விஷயம். வீலை எப்பவும் ஒரே பக்கத்திலிருந்து திருப்பி வந்து நிறுத்துங்க, பல்லுக்கு இடையில இருக்கிற தளர்ச்சி 2 மீற்றரை விழுங்கும். கண் பக்கத்து வளையத்தை ஒரு தரம் சரி பண்ணி டேப் சுற்றிடுங்க, அது அசைஞ்சா வீல் எண் மொத்தமும் பொய். போக்கஸை இலக்கின் முகத் தகட்டில வைக்காம வட்டத்தின் விளிம்பு, இல்லன்னா இழுக்கிற கயிறு முடிச்சு, ஏதாவது கூர்மையான ஒன்றில வையுங்க. பெயின்ட் அடிச்ச வெறும் தகடு 46லயும் தெளிவா இருக்கும், 50லயும் தெளிவா இருக்கும். முன்னால ஆடுற மாணாப்புல் மேல போக்கஸ் பிடிச்சுடும், அதையும் கவனிங்க.

வந்த வண்டியில இருந்து இறங்கின உடனே தூரம் எடுக்கக் கூடாது. அரை மணித்தியாலம் நிழல்ல வச்சிருங்க. வெயில் வந்தா லேனுக்கு லேன் போகும்போது ஸ்கோப்புக்கு மேல வெள்ளைத் துணி போடுங்க. கறுப்புக் குழல் வெயில்ல கிடந்தா பட்டி 30ஐக் காட்டும், காற்று 16 பாகைதான் இருக்கும்.

ஊவாக்காற்று எழுதியது:

சரிவுக் கேள்விக்குப் பதில். ஏற்றமா இருந்தாலும் இறக்கமா இருந்தாலும் பெலட் உயரமாத்தான் அடிக்கும், ரெண்டுக்கும் கணக்கு ஒன்றே. வீல் காட்டுற சரிவுத் தூரத்தைக் கோணத்தின் கோசைனால பெருக்கணும். 45 மீற்றர், 30 பாகை என்றால் 39 மீற்றர் வரியை எடுங்க. 20 பாகைக்கு 42. 15 பாகைன்னா 43.5, அதுக்குக் கீழ விட்டுடலாம். பாகைமானி ஒன்றில நூலும் சின்னப் பாரமும் கட்டி வீட்டிலயே பழகுங்க. 15 எது 30 எதுன்னு கண்ணால சொல்லத் தெரியணும், பெரும்பாலானவங்க 20ஐ 35ன்னு நினைப்பாங்க.

இதில ஒரு பொறி இருக்கு. கிட்ட உள்ள இலக்குக்கு இந்தக் கணக்கைப் போடக் கூடாது. கோசைன் திருத்தம் புவியீர்ப்பு விழுச்சிக்கு மட்டும்தான். 10 மீற்றரில் உங்க அட்டவணை எண்ணைத் தீர்மானிக்கிறது ஸ்கோப்புக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி, அது சரிவில மாறாது. 10ஐ 8.7ன்னு எடுத்தா கூடுதலா மேல டயல் பண்ணி, 15 மி.மீ. வட்டத்தின் மேல் விளிம்பில அடிப்பீங்க. 15 மீற்றருக்குள்ள கோணத்தை மறந்துடுங்க. காற்றுக்கும் கோசைன் கிடையாது, அதுக்கு முழு 45 மீற்றர்தான்.

சரிவில கோணத்தை விட மோசமானது துவக்கு பக்கவாட்டில சாயுறது. தேயிலை வரிசை மலையைச் சுற்றி வளைஞ்சு போகும், சவுக்கு மரம் சரிவுக்குச் சாஞ்சு நிக்கும், இலக்கையும் சிலநேரம் சரிவுக்கு ஏற்ற மாதிரி நட்டிருப்பாங்க. கண் அதையெல்லாம் நேர்ன்னு எடுத்துக்கும். 5 பாகை சாஞ்சா 50 மீற்றரில் கிட்டத்தட்ட 2 செ.மீ. பக்கத்தில போகும், அதை நீங்க காற்றுன்னு நினைச்சு அடுத்ததையும் கெடுப்பீங்க. ஸ்கோப்பில நீர்மட்டக் குமிழ் பூட்டுங்க. விசையைத் தொடும் முன்ன கடைசியா பார்க்கிறது குமிழா இருக்கட்டும்.

காற்றுக்கு ஒரு அளவு: குறுக்கே நொடிக்கு 3 மீற்றர் காற்றென்றால் (முகத்தில நல்லாத் தெரியும், கொழுந்து இலை விடாம ஆடும்) அங்க 50 மீற்றரில் 8 செ.மீ. அளவு தள்ளும். 25 மீற்றரில் 2 செ.மீ.தான். தூரம் இரட்டிச்சா தள்ளல் நாலு மடங்குன்னு வச்சுக்கோங்க. குழல் நுனியில ஒரு சாண் கம்பளி நூல் கட்ட அனுமதி உண்டு, கட்டுங்க. ஆனா நூல் உங்க இடத்துக் காற்றைத்தான் சொல்லும். நடுவில கான் (தண்ணி ஓடுற பள்ளம்) குறுக்கே போனா பெலட் அதுக்கு மேல எட்டுப் பத்து அடி உயரத்தில பறக்கும், அங்க காற்று வேற. விடிகாலையில குளிர்க் காற்று கானோட கீழ இறங்கும். வெயில் சரிவில பட்ட பிறகு அதே கான்ல மேல ஏறும். காலை 8 மணிக்கு இடப்பக்கம் தள்ளின லேன் 11 மணிக்கு வலப்பக்கம் தள்ளும். உங்களுக்கு முன்ன சுட்ட குழு என்ன பண்ணிச்சுன்னு இலக்கே சொல்லும்: புதுசா பெயின்ட் அடிச்ச தகட்டில ஈயத் தழும்பு சாம்பல் நிறத்தில தெரியும். வட்டத்துக்கு வலப்பக்கமே தழும்பு குவிஞ்சிருந்தா அந்த லேன்ல காற்று ஏமாற்றுதுன்னு அர்த்தம். 50 மடங்கு ஸ்கோப் இருக்கே, தூரம் எடுக்கும்போதே அதையும் பார்த்துக்கோங்க.

பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சுடுறதுன்னா இந்த எண்களை இரட்டிச்சுக்கோங்க, அந்த மாசங்கள்ல அங்க காற்று நிக்காது.

மேல்கொத்மலை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. கோசைன் கிட்டத்து இலக்குக்குப் பொருந்தாதுங்கிறது எனக்குப் புதுசு. இன்னும் ரெண்டு கேள்வி: மிஸ்ட் இறங்கினா என்ன செய்யிறது? மலையில எயார் நிரப்ப இடமில்லை, கைப்பம்ப்தான். அதில கவனிக்க வேண்டியது இருக்கா? நின்றும் முழங்காலிலும் சுடுற லேன் எட்டு இருக்குதாம்.

ராகலை_மார்ஷல் எழுதியது:

நின்றும் முழங்காலிலும் சுடுவது பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் விதி தெரியாமல் புள்ளி இழப்பது அங்கேதான் அதிகம். முழங்கால் நிலையில் தரையைத் தொடுவது மூன்று: இரண்டு பாதம், ஒரு முழங்கால். துவக்கைத் தாங்குவது முன் கை. அந்தக் கையின் மணிக்கட்டுக்கு முன்னால் உள்ள பகுதி முழங்காலில் தங்கக் கூடாது. குளிரில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்தால் கை தானாக முன்னே வழுக்கிக்கொண்டு வரும், மார்ஷல் (போட்டி நடுவர்) பார்த்தால் அந்தச் சூட்டுக்குப் புள்ளி பூச்சியம். கணுக்காலுக்குக் கீழே சின்னப் பை வைக்கலாம். சரிவில் பின் பாதம் மேட்டுப் பக்கம் இருந்தால் உடம்பு முன்னே விழும். லேன் வாசலுக்குள் இடம் இருக்கும் மட்டும் திரும்பி, இரு பாதமும் ஒரே மட்டத்தில் வரும்படி பாருங்கள். பாசி பிடித்த களிமண்ணில் ரப்பர் அடி வழுக்கும், பல் வைத்த சப்பாத்து வேண்டும். காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறாது. சூட்டின் நடுவே காலைச் சொறிய வேண்டி வராது.

நின்று சுடும்போது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றுங்கள். தூக்கியதிலிருந்து 8 விநாடிக்குள் விடுங்கள். அதற்கு மேல் பிடித்தால் கை நடுங்குவது கூடும், குறையாது. இறக்கி மூச்சு வாங்கி மறுபடி தூக்குங்கள். மடங்கை 20 அல்லது 25க்குக் குறைத்தால் ஆட்டம் கண்ணை மிரட்டாது.

ஒவ்வொரு இலக்குக்கும் ஒரே சூடு, இலக்க வரிசைப்படி. மாற்றிச் சுட்டால் விழுந்தாலும் கணக்கில் வராது. வட்டத்துக்குள் பெலட் போன சத்தம் கேட்டும் இலக்கு நிற்கிறது என்றால் அடுத்ததைச் சுடாதீர்கள், கயிற்றையும் தொடாதீர்கள். மார்ஷலைக் கூப்பிடுங்கள். கயிற்றை இழுத்துவிட்டால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது, முறைப்பாடும் போச்சு. மழைக்குப் பிறகு நனைந்த கயிறு கனத்து, இலக்கை முன்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கும். முறையாக விழுத்தி நிமிர்த்திய பிறகு கயிறு தொய்வாகக் கிடக்கிறதா என்று உங்கள் ஸ்கோப்பிலேயே பாருங்கள்.

விசில் ஒலித்தால் பெலட் ஏற்றியிருந்தாலும் விசையிலிருந்து கையை எடுத்து, குழலை இலக்குப் பக்கமே வைத்துக் காத்திருங்கள். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்கள் குறுக்குப் பாதையில் வரக்கூடும். வேலை நாளோ விடுமுறையோ, லேனுக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் நான் இலக்கு நட விடுவதில்லை, நீங்களும் அப்படி ஒரு லேன் கண்டால் சுடாமல் சொல்லுங்கள்.

சைட்வீல் எழுதியது:

மிஸ்ட்டுக்கு: 50 மடங்கில உங்க 60 மி.மீ. கண்ணாடி கண்ணுக்கு விடுறது 1.2 மி.மீ. ஒளிக்கற்றைதான், மிஸ்ட்டில அது போதாது. 35 மடங்கில தூரம் எடுக்கத் தனியா ஒரு வீல் பட்டி (வீலைச் சுற்றி ஒட்டுற தூர எண் பட்டி) போட்டுக்கொண்டு போங்க. 50 மடங்கில போட்ட எண்ணை 35 மடங்கில அப்படியே பயன்படுத்தாதீங்க, தெளிவு பிடிக்கிற இடம் அகலமா இருக்கும். நேரம் ஓடத் தொடங்குறதுக்கு முன்ன கண்ணாடியைத் துடைங்க. மூச்சுக் காற்று கண் பக்கக் கண்ணாடியில படிஞ்சா அந்த லேன் முழுக்க வெள்ளைதான், அதனால மூக்கை மூடுற துணி கட்டினவங்க சுடும்போது அதை இறக்கணும்.

எயாருக்கு: கொழும்பில 30 பாகையில 200 பார் நிரப்பிக்கொண்டு வந்தா நுவரெலியா காலை 10 பாகையில மானி 187 காட்டும். லீக் இல்லை, குளிர். அதுக்காக ராத்திரியே துவக்கைப் பிரிக்காதீங்க. விடியும் வரை எண் அதே இடத்தில நின்றா எல்லாம் சரி. கைப்பம்ப்னா மிஸ்ட்டுக்குள்ள நின்று அடிக்கக் கூடாது, ஈரம் நேரா சிலிண்டருக்குள்ள போய் ரெகுலேட்டரில நிக்கும். உலர்ந்த அறைக்குள்ள, சிலிக்கா ஜெல் வடி பூட்டி, ஐந்து நிமிஷம் அடிச்சு பத்து நிமிஷம் ஆற விட்டு, ஒவ்வொரு இடைவேளையிலும் கீழ உள்ள வடிகால் திருகைத் திறந்து தண்ணியை விடுங்க. சுட்டுப் பார்க்கிற பெலட்டையும் சேர்த்து உங்களுக்கு 60 சூடு வேணும். ரெகுலேட்டர் அழுத்தத்துக்குக் கீழ மானி இறங்குறது எத்தனையாவது சூட்டில என்று வீட்டில குரோனோகிராப் வச்சு எழுதிக்கோங்க, 60க்கு முன்னாடின்னா சாப்பாட்டு இடைவேளையில நிரப்பணும்.

பெலட் டப்பாவை மேசையில திறந்து வைக்காதீங்க. அன்றைக்குத் தேவையானதை மட்டும் பொறுக்கி, பாவாடை (பெலட்டின் அகன்ற பின்பகுதி) விளிம்பு நசுங்கினதைத் தள்ளி, உள் பையில உலர்வா வச்சிருங்க. துவக்கின் பத்திரங்களும் அதே பையில இருக்கட்டும், வழியில பொலிஸ் சோதனையில கேட்பாங்க.