ஆறு ஊசியும் ஒரு கோடும்

மூத்தமகள்:
அப்பாவுக்குப் பக்கவாதம், இடது மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு முடித்த பிறகு, ஆராய்ச்சி டாக்டர் ஒரு மருந்துச் சோதனைக்கான சம்மதப் படிவத்தோடு வந்தார். மருந்து, மூட்டுகள் வீங்குகிற முடக்குவாதத்துக்குப் போடுகிற அனகின்ராதான். மூளையில் அழற்சியைக் கிளப்பிவிடும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்தை அது மறிக்குமாம். மூன்று நாளில் ஆறு ஊசி. உள்ளே இருப்பது மருந்தா, வெறும் திரவமா என்று போடுகிறவருக்கே தெரியாது. அப்பாவுக்குப் பேச்சு போயிருந்தது, வலது கையும் அசையவில்லை. இடது கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். கோடு ஒன்று இழுத்தார், அது தாளை விட்டு வெளியே ஓடிவிட்டது. டாக்டர் பேனாவை மெதுவாக எடுத்து என்னிடம் கொடுத்தார், நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோடு சம்மதமா, வேண்டாம் என்று அடித்ததா? இதுதான் என்னை விட மாட்டேன் என்கிறது.

கணக்குப்பிள்ளை:
கோட்டை விடுங்கள். மான்செஸ்டர் குழு இதே மருந்தை 80 பேரிடம் சோதித்து 2018ல் முடிவை வெளியிட்டது. ரத்தத்தில் அழற்சி அளவு நன்றாகவே இறங்கியது. மூன்று மாதம் கழித்து ஆளைப் பார்த்தால், மருந்து போட்டவரும் போடாதவரும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டி கரைக்கும் ஊசியோடு இது மோதுகிறதோ என்ற சந்தேகமும் வந்தது. என் அண்ணனையும் இப்படியொரு சோதனையில் சேர்த்தோம். தினமும் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அவன் கை அப்படியே கிடந்தது.

இரவுப்பணி:
80 பேரை வைத்து மருந்து பலிக்காது என்று முடிவு கட்ட முடியாது, கணக்குப்பிள்ளை. அவ்வளவு சின்ன சோதனையில் அதற்குப் பதில் கிடைக்காது. நான் ஆள் சேர்க்கும் பக்கம் இருந்த நர்ஸ். ஒரு அம்மாவிடம், “கடைசியாக அவரை நல்லபடியாக எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். “ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார், காலையில் ஆறு மணிக்குப் பார்த்தால் வாய் கோணியிருந்தது.” பக்கவாதம் வந்து ஐந்து மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் கணக்கு பத்து மணியிலிருந்துதான் ஓடும், அந்த ஐந்து மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. சேர்க்க முடியாது என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆறு மணி என்று மட்டும் சொல்லியிருக்கணுமா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அனுபவசாலி:
என் கதை சின்னது. மாமியாருக்கு வந்தபோது, வீக்கம்தானே, ஸ்டீராய்டு போடுங்கள் என்று டாக்டரிடம் மல்லுக்கு நின்றேன். அவர் மறுத்தார், அவ்வளவுதான். அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். அழற்சி முழுக்க எதிரி இல்லை, செத்த செல்களை அள்ளிப் போட்டுப் பழுது பார்ப்பதும் அதுதான். பக்கவாதம் வந்தாலே நோய் எதிர்ப்பு சக்தி குறைந்து நிமோனியா வரப் பார்க்கும். அதனால் அழற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கக் கூடாது. அழற்சியை அமுக்க, எலியின் ஆன்டிபாடியான (நோய் எதிர்ப்புப் புரதம்) என்லிமோமாப் என்ற மருந்தை 625 பேரிடம் சோதித்தார்கள், 2001ல் முடிவு வந்தது. மருந்து போட்டுக்கொண்டவர்கள் நிலைதான் மோசம், காய்ச்சல் வேறு. 2024ல் சீனாவில் 1,680 பேரிடம், மூளையின் பெரிய ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியை எடுக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு குறைந்தது, ஆனால் முக்கியமாக அளந்த உடல் செயல்பாட்டில் தெளிவான லாபம் இல்லை. இன்னொன்று, ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவாக இருந்தால் ஆபத்து. நேரத்தைக் குறித்துக்கொண்டு ஓடுங்கள். பிசியோதெரபியை...

மூத்தமகள்:
நான் மருந்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே. படிவத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு என் கையெழுத்துக்கு மேலே தொடங்கி ஓரம் வரை போகிறது. இதையெல்லாம் எழுதிவிட்டு நேற்று அப்பாவிடம் காட்டினேன். இடது கை விரலை அதன் மேல் வைத்து, ஓரம் வரை நகர்த்தினார். ரொம்ப நேரம் கழித்து, “பேனா... வழுக்கிடுச்சு” என்றார்.