மகளுக்காகப் பேரல் ரேஸ் குதிரை தேடிய நாட்கள்

நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். என் மகளுக்கு 13 வயது. களத்தில் வைத்த மூன்று பீப்பாய்களைக் குதிரையில் சுற்றிவிட்டுக் குறைந்த நேரத்தில் திரும்புவதுதான் பேரல் ரேஸ். மூன்று ஆண்டுகள் பயிற்சி நிலையத்துக் குதிரைகளில் அதைப் பழகிய பிறகு, அவளுக்கென்று ஒரு குதிரை வாங்கச் சென்ற ஆண்டு தேடத் தொடங்கினோம். வாங்காமல் விட்ட குதிரையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது.

அது ஏழு வயதுப் பெட்டைக் குதிரை, குவார்ட்டர் ஹார்ஸ் இனம். விற்பவர் அனுப்பிய வீடியோவில் மூன்று பீப்பாய்களையும் உரசாமல் சுற்றி வந்தது. ஒரு பீப்பாய் சாய்ந்தால் 5 விநாடி கூட்டிவிடுவார்கள். 17, 18 விநாடிகளில் முடிகிற ஓட்டத்தில் அதற்குப் பிறகு மீட்சியே இல்லை. அதனால் அந்தச் சுத்தமான திருப்பங்களில் மயங்கிவிட்டோம். குதிரை களத்துக்குள் வந்த பிறகுதான் வீடியோவே தொடங்குகிறது என்பதை நான் கவனிக்கவில்லை.

சொன்ன நேரத்துக்கு 40 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம். குதிரையின் முதுகில் சேணத்தின் அளவுக்கு வியர்வை ஈரம். நாங்கள் வருவதற்குள் ஓட்டிக் களைப்பாக்கியிருந்தார்கள். அப்படியும் நுழைவாயில் அருகே வந்ததும் நின்றுவிட்டது, பின்வாங்கியது, முன்னங்கால்களைத் தூக்கியது. "புது இடம் என்றால் இப்படித்தான்" என்றார் விற்பவர். அது தினமும் ஓடுகிற களம்! பிறகு ஸ்கேம்பர் என்ற புகழ்பெற்ற குதிரையின் கதையைச் சொன்னார். பேரல் ரேஸ் வீராங்கனை சார்மேன் ஜேம்ஸ் 1,100 டாலருக்கு வாங்கிய அந்த முரட்டுக் குதிரை 1984 முதல் 1993 வரை தொடர்ந்து 10 உலகப் பட்டங்கள் வென்றது உண்மைதான். ஆனால் சார்மேன் சிறு வயதிலிருந்தே குதிரைமேல் வளர்ந்தவர். என் மகள் வாரத்துக்கு இரண்டு நாள் ஓட்டுகிறவள்.

வாயிலில் மறுக்கும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று நினைத்துவிடக் கூடாது, பல நேரம் வயிற்றுப் புண்ணோ பின்னங்கால் மூட்டு வலியோதான் காரணம் என்றார் எங்கள் பயிற்சியாளர். உள்ளே போனால் வலிக்கும் என்று அதற்குத் தெரியும், வேறெப்படிச் சொல்லும்? திரும்பி வரும்போது, "அதற்கு யாராவது மருந்து கொடுப்பார்களா, அம்மா?" என்று மகள் கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து 14 வயதுக் காயடித்த குதிரை ஒன்று அமைந்தது. பின்னங்கால் மூட்டுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போடுவதை அதன் உரிமையாளர் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார். இருந்தாலும், அதற்கு இதுவரை வைத்தியம் பார்க்காத ஒரு கால்நடை மருத்துவரை நாங்களே அழைத்துப் போனோம். ஒவ்வொரு காலையும் ஒரு நிமிடம் போல மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடவிட்டுப் பார்த்தார். இடது பின்னங்காலை முதல் நான்கைந்து அடிகளுக்கு முழுதாக நீட்டி வைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார். வலி மருந்து கொடுத்து மறைத்திருக்கிறார்களா என்று அறிய ரத்தமும் எடுத்தார். பெரிய பந்தயங்களுக்கு இது ஆகாது, பார்த்துக்கொண்டால் இந்தப் பெண்ணுக்குப் பல ஆண்டுகள் உழைக்கும் என்றார். வாங்கிவிட்டோம்.

வாயிலில் காதுகளை முன்னே நீட்டி அமைதியாக நிற்கிறது. ஓடிய நேரத்தை வைத்துப் பிரிக்கிற பந்தயங்களில் மகள் கடைசிப் பிரிவில்தான் வருகிறாள். அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. மூட்டு ஊசி அக்டோபரில் போட வேண்டும். நாள்காட்டியில் அவளே சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.