லாக்-ஃப்ரீ க்யூ சரியா இருக்குன்னு எப்படி உறுதி பண்றது?

வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து எழுதுறேன். ரஸ்ட் மொழியில் ஒரு லாக்-ஃப்ரீ க்யூ (பூட்டு போடாமலே பல த்ரெட், அதாவது ஒரே நேரத்துல ஓடுற வேலைகள், பகிர்ந்துக்கிற வரிசை) எழுதினேன்; ரெண்டு த்ரெட் ஐட்டம் போடும், ஒண்ணு எடுக்கும். ஆபீஸ் இன்டெல் மெஷின்ல ராத்திரி முழுக்க ஓடியும் பிசகில்லை. வீட்டு எம்1 மேக்புக்ல மட்டும், கோப்பி-ஓ ஆறுறதுக்குள்ள ஒரு தடவையாவது எடுத்த ஐட்டம் குப்பையா வருது.

எக்ஸ்86 (இன்டெல் வகை) பிராசசர் ஸ்டோர்களை, அதாவது மெமரியில எழுதுறதை, ஒண்ணுக்கொண்ணு வரிசை மாத்தாது; ஆர்ம் (எம்1 வகை) மாத்தலாம். க்யூவோட கடைசியைக் காட்டுற டெயிலை 'ரிலாக்ஸ்டு'ன்னு, அதாவது வரிசைக் கட்டுப்பாடு இல்லாம, எழுதியிருந்தேன் (சோம்பேறித்தனம்தான்). அதை 'ரிலீஸ்' (முன்னாடி எழுதினதெல்லாம் இதுக்குப் பின்னாடி தள்ளிப் போகாது) ஆக்கினதும் குப்பை வர்றது நின்னுடுச்சு. நின்னதாலேயே சரின்னு சொல்லிட முடியுமா?

'லூம்'ங்கிற ரஸ்ட் சோதனைக் கருவி வெச்சு எல்லா த்ரெட் வரிசையையும் தேடவிட்டா முடியவே மாட்டேங்குது. ப்ரீஎம்ப்ஷனை (ஒரு த்ரெட்டை நடுவுல நிறுத்தி இன்னொண்ணுக்கு மாறுறதை) 2 தடவைக்குள்ள அடக்கினா முடியுது, ஆனா பிழை தப்பிச்சுடுமோன்னு பயம். நீங்க எவ்வளவு வைப்பீங்க? ஹெர்லிஹியும் விங்கும் 1990-ல வரையறுத்த லீனியரைசபிலிட்டியை (ஒவ்வொரு செயலும் அது தொடங்கி முடியுறதுக்குள்ள ஒரே கணத்துல நடந்த மாதிரி தெரியணும்ங்கிற விதி), ஹிஸ்டரி, அதாவது செயல்கள் தொடங்கின, முடிஞ்ச வரிசையை, பதிவு பண்ணிச் சோதிச்சவங்க இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்களேன். தேக்கா பக்கம் வந்தா தேத்தண்ணி என் கணக்கு.