பேக் ஆடுற பையன் ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ்மேன் ஆக முடியுமா?

கோவில்பட்டி டர்ஃப்:
அண்ணாச்சிமாரே, ஒரு விவரம் வேணும். இங்க டர்ஃபுல ஃபீல்டு ஹாக்கியில பேக் (பின்வரிசைத் தடுப்பாட்டம்) ஆடுற 14 வயசுப் பையன், ஐஸ் ஹாக்கியில டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரன்) ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். டேக்கிளும் மார்க்கிங்கும் நல்லா வருது. நம்ம ஆட்டத்துல படிச்சதுல எது அங்க உதவும்? எதைப் புதுசாப் படிக்கணும்? அந்த இடத்துல எத்தனை வயசு வரை ஆடலாம்?

பாளை பேக்லைன்:
கை உதவும், கால் உதவாது. நம்ம ஸ்டிக்ல இடது கை மேல, வலது கை கீழ. இடதுகைக்காரனுக்குன்னு தனி ஸ்டிக்கே கிடையாது. ஐஸ்ல அப்படிப் பிடிச்சா ‘ரைட் ஷாட்’. என்.எச்.எல்.ல (அமெரிக்கா, கனடா அணிகள் ஆடுற தொழில்முறை லீக்) ரைட் ஷாட் டிஃபென்ஸ்மேனுக்கு எப்பவும் தட்டுப்பாடுதான். வலது பக்க போர்டை (தளத்தைச் சுத்தியுள்ள தடுப்புச் சுவர்) ஒட்டி வர்ற பக்கை (பந்துக்குப் பதிலா உள்ள ரப்பர் வட்டு) அவன் ஃபோர்ஹேண்ட்ல எடுத்து நேரா வெளியே அனுப்பிருவான், அதனால அவனுக்கு மதிப்பு.

கால்தான் பிரச்சினை. டிஃபென்ஸ்மேன் பாதி ஆட்டம் பின்னோக்கித்தான் ஸ்கேட் பண்ணுதான். எதிராளி நடுப்பகுதியில வரும்போது ரெண்டு ஸ்டிக் நீள இடைவெளி, நம்ம நீலக்கோட்டுக்கு (நம்ம தற்காப்புப் பகுதி தொடங்குற கோடு) வந்ததும் ஒரு ஸ்டிக் நீளம். இடைவெளி கூடிட்டா உங்களையே மறைப்பா வச்சு ஷாட் அடிப்பான், கோலிக்குப் பக் தெரியாது. குறைஞ்சுட்டா நீங்க திரும்புறதுக்குள்ள பக்கவாட்டுல தாண்டிருவான். கண்ணு அவன் நெஞ்சுல இருக்கணும், பக்கைப் பார்த்தா ஏமாந்திருவீங்க. ரெண்டு கையால குனிஞ்சு டேக்கிள் போடுற நம்ம பழக்கத்தை விட்டுட்டு, மேல் கையால மட்டும் ஸ்டிக்கை நீட்டி பக்கைக் குத்திவிடப் பழகணும்.

இன்னொண்ணு, உடம்பு. நம்ம ஆட்டத்துல உடம்பைக் குறுக்கே வச்சு மறிச்சா தப்பாட்டம், அதாவது அப்ஸ்ட்ரக்‌ஷன். அங்க பக் வச்சிருக்கறவனை உடம்பால இடிக்கலாம், பக் இல்லாதவனை இடிச்சா ரெண்டு நிமிஷம் வெளியே.

தாமிரபரணிக் கரை:
தொழில் வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு ஆட்டத்துக்குக் கோலி தவிர 18 பேர், அதில் வழக்கமாக 6 பேர் டிஃபென்ஸ், அதாவது மூன்று ஜோடி. ஒரு ஷிஃப்ட், அதாவது ஒரு தடவை உள்ளே இறங்கி ஆடுவது, 40, 50 விநாடிதான். முதல் ஜோடி மொத்தம் 25 நிமிடம் போல ஆடும். 18 வயதில் டிராஃப்ட், அதாவது என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது, 7 சுற்று. ஆனால் டிஃபென்ஸ்மேன் ஃபார்வர்டைவிட மெதுவாகத்தான் முதிர்வான், ஆட்டத்தைப் படிக்க ஆண்டுகள் பிடிக்கும். நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமை 1989-இல் 53-ஆவதாகத்தான் எடுத்தார்கள். சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையை முதன்முறை வென்றபோது அவருக்கு வயது 31. பிறகு இன்னும் ஆறு முறை வென்றார். 20 சீசனும் டெட்ராய்ட் அணி ஒன்றுக்கே ஆடினார். ஸ்டேனோ சாரா 1680 ஆட்டம் ஆடினார், டிஃபென்ஸ்மேன்களில் அதுதான் சாதனை. எதிர்ப்பக்கமும் உண்டு. தொடர்ந்து எட்டு முறை நாரிஸ் வென்ற பாபி ஓர் முழங்கால் கெட்டு 30 வயதில் நிறுத்தினார். எனவே முழங்காலைச் சுற்றியுள்ள தசையை இப்போதே வலுவாக்குங்கள்.

ரோலர் ரிங்க்:
14 வயசுல ஆரம்பிச்சு என்.எச்.எல். போறது நடக்காது, அதைப் பையன்கிட்ட நேராவே சொல்லிருங்க. கனடாவுல நாலஞ்சு வயசுலயே ஐஸ்ல இறக்கிடுதாங்க. இந்திய அணி எட்டக்கூடிய குறிதான். அங்க பெரும்பாலும் லடாக் பிள்ளைங்க. 2025 ஆசியக் கோப்பையில நம்ம பெண்கள் அணி வெண்கலம் எடுத்தது.

நெல்லைப் பக்கம் ஐஸ் இல்லாததால இன்லைன் ஸ்கேட்ல சிமெண்டுத் தளத்துல தொடங்குங்க. பின்னோக்கி ஓடுறது, கிராஸ்ஓவர் (ஒரு காலை மறு காலுக்குக் குறுக்கே வச்சு வளையுறது), முன்னால இருந்து பின்னால திரும்புறது எல்லாம் அதுல வந்துரும். வராதது நிக்கிறதுதான். ஐஸ்ல பிளேடைக் குறுக்கே சுரண்டி நிக்கணும், சக்கரம் அப்படிச் சறுக்காது. அதுக்கு டிசம்பர், ஜனவரியில லடாக்குல இருக்குற லே மாதிரி ஐஸ் உள்ள இடத்துக்குப் போய்த்தான் ஆகணும். ஐஸ் ஸ்கேட் வாங்கும்போது ஷூ அளவைவிட ஒண்ணு, ஒண்ணரை சைஸ் குறைச்சு எடுங்க. பெருசா இருந்தா குதிகால் உள்ள ஆடும், விளிம்புல நிக்க வராது. ஸ்டிக், ஸ்கேட் போட்டு நின்னா தாடை வரை வரணும், டிஃபென்ஸ்னா ஒரு இஞ்ச் கூட இருக்கலாம்.